காத்திருக்கவும்

"காத்திருக்கவும்" என்று மெஷின் மூன்றாவது முறையாகச் சொன்னபோது வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்திருந்தது.

வரிசையில் நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. கிடங்குக்காரர் பேப்பரின் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். பேக்கிங் பிரிவுப் பெண்கள் இருவர் போன வாரம் விட்ட இடத்திலிருந்து ஒரு மாமியார் கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. ஒன்பது மணி ஆனால் மெஷின் நிற்கும். ஏழெட்டு நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல, "விரலை வைக்கவும்" என்று கூப்பிடும்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. விரல் ரேகையைப் பார்த்து வருகையைப் பதிந்து கதவைத் திறக்கும் அந்த மெஷின்களைத் தயாரிப்பதே அந்த நிறுவனம்தான்.

ஒன்பது மணி எட்டு நிமிடத்துக்குத் தெருமுனையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். ஒரு தோளில் மடிக்கணினிப் பை. இன்னொரு தோளில் மகளிடம் கொடுக்க மறந்த தண்ணீர் பாட்டில், மாட்டியபடியே. வரிசையின் கடைசியில் நின்று மூச்சு வாங்கினார். அவர் வந்து நின்றதும் மெஷின் விழித்துக்கொண்டது.

"பாத்தீங்களா, எனக்கும் மெஷினுக்கும் ஒரு ராசி" என்றார் முன்னால் நின்றவரிடம்.

அவருக்கு அலுவலகத்தில் 'தடயம்' என்று பெயர். மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு உயிர் கொடுக்கும் பொறியாளர் அவர். எது கெட்டாலும் "தடயம் இருக்கா? தடயம் இல்லாம பேசக்கூடாது" என்பார். வீட்டில் சர்க்கரை டப்பா காணாமல் போனாலும் இதையே சொல்வார். அதனால் வந்த பெயர், நிலைத்துவிட்டது.

உள்ளே காலெடுத்து வைத்ததுமே மேலாளர் கூப்பிட்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்குய்யா இது? அடுத்த வாரம் நானூறு மெஷின் வாங்கறவங்க நேர்ல வராங்க. நம்ம வாசல்லயே நம்ம மெஷின் மக்கர் பண்ணா எவன் வாங்குவான்?"

"பாத்துடலாம் சார். நான் லீவு முடிஞ்சு வந்ததும்..."

"எந்த லீவு?"

"சனிக்கிழமை காலையில ரயில் சார். ஒரு வாரம். கடலைக் காட்டறேன்னு பொண்ணுக்குச் சொல்லி மூணு தடவை ஏமாத்திட்டேன். நீங்களே கையெழுத்துப் போட்டீங்க."

மேலாளர் மேசையிலிருந்த அந்தத் தாளைத் தேடி எடுத்தார். கையெழுத்து அவருடையதுதான். பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள மெஷின் நிக்கறதை நிறுத்து. அப்புறம் கடலைப் பாரு, கப்பலைப் பாரு. இன்னொண்ணு, மாசத்துல ஒரு லேட் மார்க் விழுந்தாலும் லீவு தானா ரத்தாயிடும். ஞாபகம் இருக்கட்டும்."

"லேட் மார்க்கா? எனக்கா?" தடயம் சிரித்தே விட்டார். மூன்று வருடமாக 'நேரம் தவறாதவர்' சான்றிதழ் வாங்குகிறவர் அவர். மூன்றையும் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பஸ் ஒன்பதுக்கு மேல் வருவது உண்மைதான். ஆனால் மெஷின் நின்றிருந்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒன்பது மணிக்கே வந்தவர்கள். விதியை மதிக்கிற மனிதர் அவர்.

அன்று மதியம் வாசலுக்குப் போய் மெஷினைச் சுற்றி வந்தார். காவல் அறைச் சுவரில் அது பதிந்திருந்தது. வெளிப்பக்கம் ஊழியர்கள் விரல் வைக்க ஒரு கண்ணாடி. உட்பக்கம், அறைக்குள், வந்துபோகிறவர்களுக்கு ஒன்று. அவர்களிடம் நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி என்பதால் உட்பக்கத்தை யாரும் சீண்டுவதில்லை. செக்யூரிட்டி அக்கா அதன் மேல் தன் கைக்குட்டையைக் காயப்போட்டிருந்தார்.

"என்ன தம்பி, மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?"

"சும்மா ஒரு செக்கப் அக்கா."

"பாத்துப் பண்ணுங்க. நல்ல மெஷினு. சொன்ன பேச்சு கேக்கும்."

தடயம் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். வெளியாட்களுக்கு மெஷின் எப்போதும் நல்ல மெஷின்தான்.

அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டார். எதிரே ஏழு வயது மகள், இடுப்பில் காற்றடித்த நீச்சல் வளையத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வளையம் மேசையில் இடித்ததால் தட்டு எட்டவில்லை. கழற்றச் சொன்னதற்கு, "கழட்டினா நீங்க போக வேணாம்னு சொல்லிடுவீங்க" என்றாள்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, இவ்வளவு நீளமா ஆமா இல்லன்னு?"

"இதுதான் கெர்னலோட அமைப்புப் பட்டியல்மா. கணினிக்குள்ள யார் எந்த வேலையை எப்ப செய்யணும்னு பிரிச்சுக் குடுக்கறது கெர்னல். விரலைப் பாரு, கதவைத் திற, மணியைச் சொல்லுன்னு எல்லாம் அதோட அதிகாரம். ஆனா என்ன செய்யறோம்னு வாயைத் திறந்து சொல்லாது. சொல்ல வைக்கணும்னா இங்க 'ஆம்'னு போடணும். இது போட்டா செய்யற ஒவ்வொரு வேலையையும் ஒரு குறிப்பேட்டுல எழுதி வைக்கும். இது போட்டா யார் யாருக்காகக் காத்திருக்காங்கன்னு சொல்லும். இது போட்டா..."

"கீழ என்னமோ எழுதியிருக்கே. 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லவும்.'" அவள் இன்னொரு வரியைத் தட்டினாள். அங்கும் அதே. "எல்லாத்துக்கும் கீழ இதேதான் இருக்கு. எழுதினவரு குடும்பஸ்தர் போல."

"அது பயந்தவங்களுக்கு."

"உங்க மேலாளர் கேட்டப்ப இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

தடயம் முதல் விசைக்கு 'ஆம்' போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஒரு நாள் நீ பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விட்டுடேன். அது நிக்கறப்ப நான் நேர்ல இருக்கணும்" என்றார். அவளுக்கு ஆறு மணிக்கே வேலை. அதனால்தான் தினமும் மகளைக் கொண்டுவிடுவது இவர் பொறுப்பு. யாரிடமோ போனில் கெஞ்சி அவள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கே மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "என்ன தம்பி, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்று அக்கா ஆச்சரியப்பட்டார்.

ஒன்பது மணி ஆனது. மெஷின் நிற்கவில்லை. ஒன்பதே கால். நிற்கவில்லை. மழை மூட்டமான அந்தக் காலையில் இருநூறு பேர் மளமளவென்று விரலை வைத்து உள்ளே போனார்கள். பேக்கிங் பிரிவுப் பெண்கள் பாதிக் கதையில் பிரிய நேர்ந்தது. "என்ன சார் பண்ணீங்க?" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

சோதனை நாள் என்பதால் அன்று லேட் மார்க் எதுவும் பதிவாகவில்லை. மேலாளர் குதூகலமாக வந்தார். "சரியாயிடுச்சா?"

"இல்ல சார். ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

"நல்லாத்தானே ஓடுது?"

"அதான் சார் பிரச்சனை. நாம குறிப்பெடுக்கச் சொன்னதும் அதோட நடை கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்துல கோளாறு பதுங்கிடும். டாக்டரைப் பாத்ததும் வயித்துவலி நின்னுபோற மாதிரி."

"அப்ப குறிப்பெடுத்துக்கிட்டே இருக்கச் சொல்லேன். நிக்காதுல்ல?"

தடயத்துக்கு அது அவமானமாகப் பட்டது. காரணம் தெரியாமல் குணமாவதை அவரால் ஏற்க முடியாது.

புதன்கிழமை மனைவிக்கு வேலை நேரம் மாறவில்லை. மகளைப் பள்ளியில் விட்டு, பஸ் பிடித்து, முனையில் இறங்கி ஓடி வந்தபோது வரிசை நடைபாதையில் நின்றது. மெஷின் நின்றிருந்தது! தடயத்துக்கு அடக்க முடியாத சந்தோஷம். மெஷின் விழித்ததும் உள்ளே ஓடிக் குறிப்பேட்டைத் திறந்தார். கெர்னலின் குறிப்பேடு சின்னது. நிரம்பியதும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். நின்ற நேரத்துக் குறிப்புகளின் மேல், பிறகு உள்ளே வந்த அறுபது பேரின் விரல்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

"என்கிட்டயேவா?" என்றார் திரையைப் பார்த்து.

அன்று மதியம் அவர் பட்டியலின் முன் உட்கார்ந்து நிதானத்தை இழந்தார். குறிப்பேட்டைப் பெரிதாக்கு: ஆம். பூட்டுகளைக் கண்காணி: ஆம். நினைவகத்தின் மூலை முடுக்கெல்லாம் சோதி: ஆம். ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் வெளியே அனுப்பு: ஆம். ஏதாவது ஒரு வேலை இரண்டு நிமிடம் அசையாமல் கிடந்தால் மெஷினையே அணைத்து மறுபடி எழுப்பு: ஆம், ஆம். ஒவ்வொன்றின் கீழும் 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லவும்' என்று இருந்தது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற மனநிலையில் அவர் இல்லை.

ஐந்து மணிக்கு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வெளியே போகவும் அதே மெஷினில்தான் விரல் வைக்க வேண்டும்.

முதல் ஆள் விரலை வைத்தார். மெஷின் யோசித்தது. பூட்டுகளைச் சரிபார்த்தது, நினைவகத்தைத் துழாவியது, எல்லாவற்றையும் எழுதியது. நாற்பது நொடி கழித்து, "நன்றி" என்றது. கதவு ஒரு ஆளுக்குத் திறந்து மூடியது. மூன்றாவது ஆள் விரல் வைத்தபோது எழுத வேண்டியது மலையாகக் குவிந்து இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. மெஷின் தன்னைத் தானே அணைத்துக்கொண்டு, புதிதாய்ப் பிறந்து, "வணக்கம்" என்றது. அடுத்த இரண்டு ஆட்கள். மறுபடி "வணக்கம்".

காலையில் எட்டு நிமிடம் சிரித்துக்கொண்டே நின்ற அதே கூட்டம்தான். வீட்டுக்குப் போகிற நேரத்தில் எட்டு நொடிகூடப் பொறுக்கவில்லை.

"யாருய்யா இதைத் தொட்டது?"

"தடயம் சார்தான்!"

"அவரைப் பிடிங்க!"

கிடங்குக்காரர் சுவரேறிக் குதித்தார். மேலாளரும் ஒரு காலைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். மற்ற கால் ஒத்துழைக்கவில்லை. சுவரின் மேல் குப்புறப் படுத்தபடியே, "உன் லீவை..." என்று ஆரம்பித்தார். தடயத்தின் கண்முன்னே நீச்சல் வளையத்தோடு ஒரு சின்ன முகம் வந்து நின்றது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது செக்யூரிட்டி அக்கா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து, லாரிகள் வரும் பெரிய கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

"இந்தச் சாவி முதல்லயே உங்ககிட்ட இருந்துதா?" என்று சுவரின் மேலிருந்து கேட்டார் மேலாளர்.

"எப்பவும் என்கிட்டதான் சார் இருக்கும். யாரும் கேக்கலையே."

அன்று மாலையே தடயம் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' போட்டார். பெரிய குறிப்பேட்டை மட்டும் விட்டுவைத்து, புதிதாக ஒரு விசைக்கு 'ஆம்' போட்டார். மெஷின் ஒரு நிமிடம் நின்றுவிட்டால், அதுவரை எழுதியதை அழிக்காமல் மூடி வைத்துவிட வேண்டும். இப்படி அடக்கமாக ஒரு விசை இருப்பது அவருக்கு முதலிலேயே தெரியும். அடக்கமானது என்பதால்தான் அதைத் தொடாமல் இருந்தார்.

வியாழக்கிழமை. மகள், பஸ், முனை, ஓட்டம், வரிசை. நின்றிருந்த மெஷின் அவர் வந்ததும் விழித்தது. குறிப்பேடு பத்திரமாக இருந்தது. உடனே திறந்தார்.

விரல் இருக்கிறதா? இருக்கிறது. யாருடையது? தெரியவில்லை. மறுபடி பார். விரல் இருக்கிறதா? இருக்கிறது. யாருடையது? தெரியவில்லை. மறுபடி பார்.

பக்கம் பக்கமாக இதுதான். நின்ற நொடியிலிருந்து குறிப்பேடு மூடப்படும்வரை, ஆயிரக்கணக்கான வரிகள்.

தடயம் வாசலுக்கு ஓடினார். "அக்கா, ஒன்பது மணிக்கு வெளியில யாராவது கண்ணாடி மேல விரலை வச்சுக்கிட்டே நிக்கறாங்களா?"

அக்கா நன்றாக யோசித்தார். "வெளியிலயா? வெளியில யாரும் அப்படி நிக்கலையே தம்பி."

வரிசையில் முதலில் நிற்கும் கிடங்குக்காரரும் அதையே சொன்னார்.

தடயம் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். காலை வெயில் அதன் மேல் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பளிச்சென்று புரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஏன் நிற்கவில்லை? அன்றுதானே மழை மூட்டம்! வெயில்! வெயிலை விரல் என்று நினைத்துக்கொள்கிறது! அவருக்குத் தன் மூளை மேலேயே மரியாதை பிறந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னார். "இல்லாத விரலை இருக்குன்னு நம்புது சார். ஒரு வரி சேர்த்தாப் போதும். எந்த விரலா இருந்தாலும், எந்தக் கண்ணாடியா இருந்தாலும், அஞ்சு நொடிக்கு மேல அப்படியே இருந்தா அதை மதிக்காதே, அடுத்த ஆளைப் பாரு. அவ்வளவுதான்."

"நிக்காதுல்ல?"

"இனிமே யாரு நெனச்சாலும் அதை நிறுத்த முடியாது."

மேலாளர் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலை வீட்டில் பெட்டி கட்டினார்கள். மகள் நீச்சல் வளையத்தைக் கழற்றி, தானே காற்றை இறக்கிப் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்த்தபோது தடயத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. மகள், பஸ், முனை. ஓடி வந்தவர் வாசலில் திகைத்து நின்றார். வரிசை இல்லை. நடைபாதை வெறிச்சோடிக் கிடந்தது. வெயில் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. மெஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெற்றிப் புன்னகையோடு விரலை வைத்தார்.

"தாமதம். எட்டு நிமிடம்" என்றது மெஷின். கொஞ்சம் யோசித்து, "விடுப்பு ரத்து" என்றும் சேர்த்துக்கொண்டது.

மூன்று வருடத்தில் முதல் முறை. காது கேட்டதை மனம் ஏற்க மறுத்தது. மறுபடி வைத்தார். "ஏற்கெனவே பதிவாகிவிட்டது."

உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். பின்னாலேயே கிடங்குக்காரர், பேக்கிங் பிரிவுப் பெண்கள், இன்னும் முப்பது பேர். எல்லார் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

"நீதானே சரி பண்ணே?" என்றார் மேலாளர்.

"ஆமா சார்."

"எனக்கு அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு சொல்லுது. எனக்கு! இந்த மெஷினை இங்க வச்சதே நான். இத்தனை வருஷமா நான் சரியான நேரத்துக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

"நானும்தான் சார்" என்றார் தடயம்.

"யாரு உன்னை இதைச் சரி பண்ணச் சொன்னா?"

"நீங்கதான் சார்."

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். முப்பது பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி, போனது போகட்டும். மத்தியானத்துக்குள்ள இதைப் பழையபடி நிக்க வை. நின்னுச்சுன்னா இன்னிக்கு விழுந்த மார்க் எல்லாம் மெஷின் கோளாறுன்னு எழுதி அழிச்சுடறேன், உன் லீவும் உண்டு. நிக்கலைன்னா நீயும் இங்கயே நில்லு."

"எடுத்துடலாம் சார், ஒரு வரிதான்" என்று சொல்லிவிட்டுத் தடயம் பையைத் திறந்தார். ஆனால் கை ஓடவில்லை. அந்த வரியை எடுத்தாலும் வெயில் வேண்டுமே! வானத்தைப் பார்த்தார். பெரிய மேகம் ஒன்று நிதானமாக வந்துகொண்டிருந்தது. மகளின் காற்றுப் போன வளையம் நினைவுக்கு வந்தது.

காவல் அறைக் கதவு திறந்தது. செக்யூரிட்டி அக்கா வலது கைக் கட்டைவிரலை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டே, குற்றம் செய்தவர் போல வெளியே வந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மெஷின்ல ஏதோ கோளாறு, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நீங்க பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வர்ற வரைக்கும் உள்பக்கக் கண்ணாடியில விரலை அமுக்கிப் பிடிச்சா மூணு வருஷமா கப்புனு நின்னுக்கிட்டிருந்தது, இன்னிக்கு என்னடான்னா என் விரலை மதிக்கவே மாட்டேங்குது!"